உயரமானவன் ஸ்டாப்பர், குள்ளமானவன் விங்: இந்தக் கணக்கு எங்கே தப்பாகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். வயது 13. வழக்கமாக மேட்ச் ரிசல்ட் சொல்லத்தான் கூப்பிடுவான். இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே, "மாமா, நான் ஃபுட்பால விட்டுடலாம்னு இருக்கேன்" என்றான்.

ஸ்கூல் டீமில் இரண்டாவது வருஷமாக அவனை எடுக்கவில்லை. "ஆட்டம் நல்லா இருக்கு, ஆனா உடம்பு பத்தாது, அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் உயரம் 142 செ.மீ. அதே வயதுப் பிரிவில் ஸ்டாப்பராக ஆடுகிற பையன் 168 செ.மீ, மீசையும் முளைத்துவிட்டதாம். "அவன் மேல மோதினா நான்தான் மாமா விழறேன். என் உயரத்துக்கு எந்தப் பொசிஷனும் கிடையாதா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "மெஸ்ஸியப் பாருடா" என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். எல்லா மாமாக்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இதே கேள்வி எனக்கும் ஒரு காலத்தில் வந்தது, வேறு திசையிலிருந்து. அதனால் ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில், உண்மை நிலவரம்

உயரத்துக்கும் பொசிஷனுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் ஆடுபவர்களின் சராசரி உயரம் சுமார் 1.82 மீட்டர். பொசிஷன் வாரியாகப் பிரித்தால் படம் தெளிவாகிவிடும். கோலிகள் 1.88 முதல் 1.90. சென்டர் பேக்குகள், அதாவது நம்ம ஊரில் ஸ்டாப்பர் என்கிறோமே அவர்கள், 1.86 பக்கம். நடு ஃபார்வர்டு அதற்குக் கொஞ்சம் கீழே. பக்கவாட்டு பேக்குகள், மிட்ஃபீல்டர்கள், விங்கில் ஓடுகிறவர்கள் எல்லாம் 1.80-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ.

அதாவது, மைதானத்தின் நடுவில் கோல் முதல் கோல் வரை ஒரு கோடு போட்டால், அதன் இரண்டு முனைகளிலும் உயரமானவர்கள் நிற்கிறார்கள். கோட்டின் நடுப்பகுதியிலும் மைதானத்தின் ஓரங்களிலும் குள்ளமானவர்கள். யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. வேலை அப்படி.

கோல் போஸ்ட்டின் கணக்கு

கோல் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். 1.90 மீட்டர் ஆள் நின்ற இடத்திலேயே கையைத் தூக்கினால் ஏறக்குறைய குறுக்குக் கம்பியைத் தொட்டுவிடுவார். 1.70 மீட்டர் ஆளுக்குக் கை 2.20 பக்கம்தான் எட்டும், மிச்சத்துக்குக் குதிக்க வேண்டும். குதிக்கலாம், அது பெரிய விஷயமில்லை. பக்கவாட்டில் பாயும்போதுதான் இடிக்கிறது.

பெனால்டி புள்ளி 11 மீட்டர் தூரம். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் பந்து வந்தால் கோல் கோட்டைத் தொட 0.4 விநாடி. அதில் பாதி, பந்தைப் பார்த்து உடம்பு அசைவதற்குள் போய்விடும். மிச்ச நேரத்தில் எவ்வளவு தூரம் கை நீள்கிறது என்பதுதான் கேள்வி. உயரத்தில் 20 செ.மீ குறைந்தால் எட்டும் தூரம் பக்கத்துக்கு ஒரு 25 செ.மீ குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டர். அதை 2.44 உயரத்தால் பெருக்கினால் 1.2 சதுர மீட்டர் வருகிறது. மொத்த கோல் பரப்பு சுமார் 17.9 சதுர மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 7 சதவீத கோலை எதிரிக்கு இனாமாகக் கொடுக்கிறோம். இது என் தோராயக் கணக்குதான். ஆனால் பெரிய கிளப்புகள் ஏன் உயரமான கோலியைத் தேடி அலைகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இது போதும்.

ஸ்டாப்பர் கதை வேறு. அங்கே கையைப் பயன்படுத்த முடியாது, தலைதான். 1.88 மீட்டர் ஸ்டாப்பர் 45 செ.மீ குதித்தால் உச்சந்தலை 2.33 மீட்டரில் இருக்கும். 1.75 மீட்டர் ஆள் அதே இடத்துக்கு வர 58 செ.மீ குதிக்க வேண்டும். முடியும், பயிற்சி வேண்டும், ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் எழும்ப வேண்டும். உயரமானவருக்கு நேரம் கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை. இவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பக்கெட் வீலும் டோசரும்

அப்படியானால் பத்துப் பேரையும் உயரமாகவே எடுத்துவிடலாமே? முடியாது. இதை விளக்க நெய்வேலியை விட நல்ல இடம் இல்லை.

சுரங்க விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்கிற அந்த ராட்சத மெஷின் ஒரு கட்டடம் மாதிரி நிற்கும். சக்கரம் சுற்றச் சுற்ற மேல்மண்ணை வாரி பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அது இடம் மாறுவதைப் பார்க்க பொறுமை வேண்டும். அதன் காலடியில் டோசர்கள் முன்னும் பின்னுமாக ஓடி, திரும்பி, சமன் செய்துகொண்டு இருக்கும். இரண்டும் இல்லாமல் சுரங்கம் ஓடாது. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யவும் முடியாது.

உடம்பிலும் இதே விதிதான். 1.70 மீட்டர் ஆளை அப்படியே அதே உடல்வாகில் 10 சதவீதம் பெரிதாக்கினால் 1.87 வரும். நீளம், அகலம், கனம் மூன்றும் கூடுவதால் எடை 33 சதவீதம் ஏறும். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டைப் பொறுத்தது, அது 21 சதவீதம்தான் ஏறும். உடம்பைத் திருப்புவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று பார்த்தால், அது நீளத்தின் ஐந்தாம் படி: 61 சதவீதம் கூடுகிறது! நிஜ மனிதர்கள் இப்படி அச்சு எடுத்த மாதிரி பெரிதாவதில்லை, உயரமானவர்கள் பெரும்பாலும் ஒல்லியாகவே இருப்பார்கள். அதனால் நிஜ வித்தியாசம் இதைவிடக் குறைவு. ஆனாலும் திசை இதுதான். ஓடிக்கொண்டே சட்டென்று நின்று, திரும்பி, மறுபடி கிளம்புவது குள்ளமானவருக்குச் சுலபம். 1.65 மீட்டர் மரடோனாவும் 1.70 மீட்டர் மெஸ்ஸியும் மூன்று பேருக்கு நடுவில் பந்தோடு திரும்பியதில் கடவுள் கொடுத்த வரம் எவ்வளவோ, இந்த ஐந்தாம் படியும் அவ்வளவு.

நம்ம ஆட்கள்

இந்தியக் கால்பந்திலேயே இதற்கு அழகான உதாரணங்கள் இருக்கின்றன. பீட்டர் தங்கராஜ் செகந்திராபாத்தில் ஆட ஆரம்பித்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு வந்தபோது அவர் சென்டர் ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல் உயரம். அங்கேதான் கோலியாக மாறினார். அந்த அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இருந்தார், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-ல் அர்ஜுனா விருது. கடைசிக் காலத்தில் நம்மைப் போலவே ஒரு பொதுத்துறை டவுன்ஷிப்பான பொக்காரோவில் வாழ்ந்து, 2008-ல் அங்கேயே காலமானார்.

அதே 1962 ஜகார்த்தாவில் இன்னொரு கதை. ஜர்னைல் சிங் நம் அணியின் ஸ்டாப்பர், வாட்டசாட்டமான ஆள். தாய்லாந்து மேட்சில் நெற்றியில் அடிபட்டு தையல் போட்டார்கள். கோச் சையத் அப்துல் ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியாட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இந்தியா 2-1 என்று தங்கம் வாங்கியது. கோட்டின் ஒரு முனையில் நின்றவர் மறுமுனைக்கும் பொருந்துவார் என்பதை ரஹீம் எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமலே பார்த்துவிட்டார்.

சமீபத்தில் என்றால் 2017 அக்டோபர் 9, டெல்லி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிடம் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரில் உயரமான மிட்ஃபீல்டர் ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் முட்டினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா பதில் கோல் போட்டு ஜெயித்துவிட்டது, அது வேறு வருத்தம்.

ஆனால் இந்தியாவுக்காக அதிக கோல் அடித்தவர் யார்? 1.70 மீட்டர் சுனில் சேத்ரி. அவர் தலையால் அடித்த கோல்களும் கணிசம். 2022 ஜூனில் கொல்கத்தாவில் கம்போடியாவுக்கு எதிராக அடித்த இரண்டாவது கோலைத் தேடிப் பாருங்கள்.

விதிவிலக்குகள் என்ன சொல்கின்றன?

ஃபேபியோ கன்னவாரோ சுமார் 1.76 மீட்டர்தான். ஸ்டாப்பராக ஆடி 2006-ல் இத்தாலிக்கு கேப்டனாக உலகக் கோப்பையும் தூக்கினார், அதே வருஷம் பாலன் டி'ஓர் விருதும் வாங்கினார். அர்ஜென்டினாவின் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் 1.75. அவர் 2022-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது இங்கிலாந்து முழுக்க உயரத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த வருஷக் கடைசியில் உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்தார். மெக்சிகோ கோலி ஹோர்ஹே காம்போஸ் 1.68. 1994-ல் தூர்தர்ஷனில் அவருடைய பஞ்சவர்ண ஜெர்சியைப் பார்த்து எங்கள் வட்டத்துப் பையன்கள் எல்லாம் கொஞ்ச நாள் கோலி ஆனோம்.

இவர்களைக் காட்டி "உயரம் முக்கியமில்லை" என்று சொல்வது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. உயரம் ஒரு விலை. இல்லாதவர் வேறு காசில் கட்டுகிறார்: கன்னவாரோ கணிப்பிலும் குதிப்பிலும், காம்போஸ் போஸ்ட்டை விட்டு முன்னால் ஓடி வரும் துணிச்சலிலும் கட்டினார்கள். கட்ட முடியாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என் கதை

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்ன எல்லாக் கணக்கும் வளர்ந்து முடிந்த ஆட்களுக்கானது. அதைப் 13 வயதுப் பையனுக்குப் போட்டால் தப்பான விடை வரும். எனக்கு வந்தது.

1994 வரை நான் ரைட் அவுட். பந்தைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஓடுவதுதான் என் சந்தோஷம். 1995-ல் எட்டாவது படிக்கும்போது திடீரென்று வளர்ந்தேன். ஒரே வருஷத்தில் பத்து செ.மீ. வகுப்பில் நான்தான் உயரம். எங்கள் பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "நீ இனிமே ஸ்டாப்பர்டா" என்றார். பெருமையாக இருந்தது. மூன்று வருஷம் எனக்கு இரண்டே வேலை: வந்த பந்தை முட்டு, இல்லாவிட்டால் தூக்கி அடி. டிரிப்ளிங் செய்தால் திட்டு விழும். ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

பதினாறு வயதில் என் வளர்ச்சி நின்றது. 171 செ.மீ. அதற்குள் என் தோள் உயரம் இருந்த பையன்கள் எல்லாம் என்னைத் தாண்டிவிட்டார்கள். கடலூரில் மாவட்ட அளவிலான தேர்வுக்குப் போனேன். "ஸ்டாப்பருக்கு உயரம் பத்தாது, விங்ல ஆடுறியா?" என்றார் ஒருவர். ஆடினேன். காலில் பந்து ஒட்டவில்லை. திரும்பத் தெரியவில்லை. அந்த மூன்று வருஷத்தில் மற்றவர்கள் கற்றதை நான் கற்கவே இல்லை. பஸ்ஸில் நெய்வேலி திரும்பும்போது பூட்ஸைப் பையில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

சார் மேல் கோபம் இல்லை. அந்த வருஷ மேட்சை ஜெயிக்க அந்த வருஷ உயரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் என் உயரம் என்று அவர் பார்த்தது உயரத்தை அல்ல, அவசரத்தை. நான் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். உயரமானவன் இல்லை.

வயது ஒன்று, உடம்பின் வயது வேறு

பையன்கள் வேகமாக வளரும் கட்டம் சராசரியாக 13½–14 வயதில் வருகிறது. சிலருக்கு 12-லேயே, சிலருக்கு 15, 16-ல். அதனால் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு வயதில் நாலு வருஷ வித்தியாசம்கூட இருக்கலாம். இதோடு ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம். நம் நாட்டில் சர்டிபிகேட்டில் வயதைக் குறைத்து ஆடுவதும் சேர்ந்துகொண்டால், உண்மையிலேயே 13 வயதான சின்னப் பையனின் கதி என்ன?

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள் ஒரு வழி பார்த்தன. பிறந்த தேதியை விட்டுவிட்டு, ஒரு பையன் தன் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று கணித்து, 85 முதல் 90 சதவீதம் வரை உள்ளவர்களை ஒரே குழுவாக ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள் முதல் தடவையாக இடித்துத் தள்ளி ஜெயிக்க முடியாமல் மூளையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. தாமதமாக வளர்பவர்களுக்குத் தங்கள் ஆட்டத்தைக் காட்ட இடம் கிடைத்தது. பெல்ஜியம் கால்பந்து சங்கம் தாமதமாக வளர்பவர்களுக்கென்றே தனி இளையோர் அணி வைத்திருக்கிறது.

நெய்வேலியில் அதெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு இஞ்ச் டேப் போதும்.

அக்கா மகனின் கணக்கு

அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்றால் 13 சேர்த்து, பாதியாக்க வேண்டும். குழந்தை மருத்துவர்கள் போடும் தோராயக் கணக்கு இது. அக்கா 154, அக்கா வீட்டுக்காரர் 168. விடை 167.5 செ.மீ. எட்டு செ.மீ கூடலாம், குறையலாம்.

இவன் இப்போது 142. அதாவது 167.5-ல் சுமார் 85 சதவீதம். சராசரிப் பையன் 13 வயதில் 87, 88 சதவீதம் எட்டியிருப்பான், 12 வயதில் 84. ஆக இவனுடைய உடம்புக்கு வயது 12-ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிறது. மீசை முளைத்த அந்த ஸ்டாப்பருக்கு 15 இருக்கலாம். மூன்று வயது மூத்தவனோடு மோதித்தான் இவன் விழுந்துகொண்டிருக்கிறான். அந்தப் பையனுக்கும் ஆபத்து இருக்கிறது: அவன் இன்னொரு நான் ஆகலாம்.

நேற்று இரவு போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. "கோலியா ப்ரொஃபஷனல் ஆகணும்னா உனக்கு ரொம்ப கஷ்டம்டா. ஸ்டாப்பரும் கஷ்டம்தான். மத்த பொசிஷன் எல்லாமே திறந்திருக்கு. ஆனா எதுன்னு இப்ப முடிவு பண்ணாத. ரெண்டு காலாலயும் பந்த நிறுத்தக் கத்துக்கோ, திரும்பக் கத்துக்கோ. அது எந்த உயரத்துக்கும் ஆகும்."

அவனிடம் இரண்டு வேலை கொடுத்திருக்கிறேன். ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சமையலறை நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுவது. வருஷத்துக்கு ஏழு, எட்டு செ.மீ வேகத்தில் கோடு ஏற ஆரம்பித்தால் அவனுடைய முறை வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, சாரிடம் போய்ப் பணிவாக, பிராக்டிஸ் மேட்சிலாவது பாதி நேரம் ஆட விடச் சொல்லிக் கேட்பது. அதற்கு அக்காவும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "மாமா, 167.5 வந்தா நான் சேத்ரிய விட ரெண்டரை செ.மீதான் கம்மி, இல்ல?"

"ஆமாடா."

"சரி, நாளைக்கு கிரவுண்டுக்குப் போறேன்."